வெளியூரில் ஒரு தொழிலாளி கொல்லப்பட்டால் யார் பதில் சொல்வது? உப்பளம் முதல் பனியன் கம்பெனி வரை

2023 மார்ச் முதல் வாரத்தில் திருப்பூர், கோவை ரயில் நிலையங்களில் கால் வைக்க இடமில்லை. அந்த ஆண்டு ஹோலி 8ஆம் தேதி வந்தது. பண்டிகைக்கு ஊருக்குப் போகிற கூட்டம் வருடாவருடம் இருப்பதுதான். அந்த முறை பயந்து கிளம்பியவர்களும் அதில் கலந்திருந்தார்கள். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தேடிப்பிடித்துக் கொல்கிறார்கள் என்று சொல்லும் வீடியோக்கள் லைன் வீடுகளில் போனுக்குப் போன் சுற்றின. பாட்னாவில் சட்டப்பேரவை அமளிப்பட்டது. பீகார் அரசு நான்கு அதிகாரிகளை இங்கே அனுப்பியது. விசாரித்துப் பார்த்தால், அந்த வீடியோக்கள் சொன்ன கொலைகள் எதுவும் நடக்கவே இல்லை.

அப்போது பலர் கேட்ட கேள்விகள், எங்காவது ஒரு டீக்கடைத் தகராறு வீடியோவாக வெளிவரும்போதெல்லாம் திரும்ப வருகின்றன. வேறொரு மாநிலத்தின் அதிகாரிகள் இங்கே வந்து விசாரிக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டா? நிஜமாகவே யாராவது கொல்லப்பட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? வெளிநாட்டில் நம் ஆள் கொல்லப்பட்டால் நடப்பதும் இதுவும் ஒன்றா? இவற்றுக்குப் பதில் தேட நான்கு சொற்களிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் நான்கு சொற்கள்

1. தூதரகப் பாதுகாப்பு. ஒரு நாட்டின் குடிமகனுக்கு இன்னொரு நாட்டில் அநியாயம் நடந்தால், அவருடைய சொந்த நாடு அதைத் தன் வழக்காக எடுத்துக்கொண்டு அந்த நாட்டிடம் பேசும் உரிமை. இது அரசின் உரிமை என்பதைக் கவனிக்க வேண்டும். குடும்பம் கேட்கலாம், அரசு எடுக்காமலும் போகலாம்.

2. உரிய கவனம். தனி ஆட்கள் செய்த கொலைக்கு அரசு தானாகவே குற்றவாளி ஆகிவிடாது. தடுத்திருக்க முடிந்தும் தடுக்கவில்லை, நடந்த பிறகு விசாரித்துத் தண்டிக்கவில்லை என்றால்தான் அரசின் பொறுப்பு தொடங்குகிறது. சர்வதேசச் சட்டத்தில் சண்டையே இந்த இடத்தில்தான்: படை எத்தனை மணிக்குக் கூப்பிடப்பட்டது, எத்தனை மணிக்கு வந்தது?

3. கருணைத் தொகை. "தப்பு எங்கள் மேல் இல்லை, ஆனாலும் மனிதாபிமானத்தில் கொடுக்கிறோம்" என்று சொல்லிக் கொடுக்கும் பணம். குற்றத்தை ஒப்புக்கொள்வதைத் தவிர்க்க அரசுகள் கண்டுபிடித்த வழி.

4. தகவல் கடமை. 1963ஆம் ஆண்டின் வியன்னா தூதரக உறவு உடன்படிக்கையின் 37ஆம் பிரிவு, வெளிநாட்டவர் ஒருவர் இறந்தால் அவருடைய நாட்டுத் தூதரகத்துக்குத் தாமதமின்றிச் சொல்ல வேண்டும் என்கிறது. கேட்க மிகச் சின்ன விஷயம். மற்ற எல்லாமே இதிலிருந்துதான் ஆரம்பிக்கின்றன.

ஒரு வாளித் தண்ணீரில் தொடங்கிய சண்டை

இந்த நான்கும் ஒரே சம்பவத்தில் வெட்டவெளிச்சமாகத் தெரிவது 130 ஆண்டுகளுக்கு முன் பிரான்சில் நடந்த ஒரு படுகொலையில். மத்தியதரைக் கடலோரம் எக்மோர்த் என்று ஒரு ஊர். பெயருக்கே "செத்த நீர்" என்றுதான் பொருள். சுற்றிலும் உப்பளங்கள். ஆகஸ்ட் மாதத்தில் உப்பு வாரும் வேலை. சில வாரங்களுக்கு நூற்றுக்கணக்கான ஆட்கள் தேவைப்படுவார்கள், முடிந்ததும் யாரும் தேவையில்லை.

1893இல் மூன்று வகை ஆட்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள். பக்கத்து மலைப்பகுதிப் பிரெஞ்சு விவசாயிகள், வேலையில்லாமல் ஊர் ஊராக அலைந்த பிரெஞ்சுக்காரர்கள், வட இத்தாலியிலிருந்து மேஸ்திரி மூலமாக வந்த இத்தாலியர்கள். அது பொருளாதார நெருக்கடிக் காலம். வேலை தேடி வந்தவர்கள் அதிகம், இருந்த வேலை குறைவு. கூலி, எடுத்த உப்பின் அளவுக்கு. குழுவாக வேலை, குழுவுக்குக் கூலி. உப்பை ஒற்றைச் சக்கர வண்டியில் ஏற்றி, பலகை மேல் தள்ளிக்கொண்டு போய் மலைபோல் குவிக்க வேண்டும். ஒருவர் பின்னால் ஒருவராகப் போகும் வேலை. முன்னால் போகிறவர் தடுமாறினால் பின்னால் வருகிற எல்லாருக்கும் கூலி குறையும். வேலை பழகிய இத்தாலியர்களையும், பழக்கமில்லாத பிரெஞ்சுக்காரர்களையும் கம்பெனி ஒரே குழுவில் சேர்த்தது.

திருப்பூரில் பவர் டேபிள் (தையல் மெஷின்கள் வரிசையாக ஓடும் மேஜை) பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ஒரு டி-ஷர்ட் என்றால் ஒருவர் தோள் அடிப்பார் (தைப்பார்), அடுத்தவர் கழுத்துக்கு ரிப் பட்டை வைப்பார், அப்புறம் கை ஏற்றுவது, சைடு அடிப்பது, பேட்லாக் மெஷினில் கீழ்மடிப்பு. கைமடி (மெஷின்காரரின் உதவியாள்) எடுத்து அடுத்த மெஷினுக்குத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் ஒரு கை மெதுவானால் பண்டல் அங்கேயே குவியும். அடுத்த மெஷின்காரர் சும்மா உட்கார்ந்திருப்பார். சனிக்கிழமை காண்ட்ராக்டர் கணக்கு முடிக்கும்போது குறைகிற பணம் எல்லாருக்கும் குறையும். கோபம் ரேட் பேசியவர் மேல் போகாது. மெதுவாக அடித்தவர் மேலும், வேகமாக அடித்துக் கம்மி ரேட்டுக்கும் ஒத்துக்கொண்டவர் மேலும்தான் போகும்.

எக்மோர்த்தில் அந்தக் கோபம் ஆகஸ்ட் 16 காலையில் வெடித்தது. குடிக்க வைத்திருந்த நல்ல தண்ணீரில் ஒரு இத்தாலியர் அழுக்குத் துணியை அலசினார் என்று சண்டை. உப்பளத்தில் நல்ல தண்ணீர் என்றால் என்ன மதிப்பு என்று சொல்ல வேண்டியதில்லை. அடிதடியில் இரண்டு பக்கமும் காயம். சிலர் ஊருக்குள் ஓடிப்போய், இத்தாலியர்கள் நம் ஊர்க்காரர்களைக் கொன்றுவிட்டார்கள் என்று சொன்னார்கள். யாரும் செத்திருக்கவில்லை. ஆனால் ஊரே திரண்டுவிட்டது. அதுவரை ஒதுங்கியிருந்த கடைக்காரர்களும் குடும்பஸ்தர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஊருக்குள் இருந்த இத்தாலியர்கள் ஒரு ரொட்டிக் கடைக்குள் ஒளிந்துகொள்ள, அந்தக் கடையைக் கொளுத்தப் பார்த்தது கூட்டம்.

மறுநாள் காலை காவலர்கள் கையிலெடுத்த வழி, இத்தாலியர்களை ஊரைவிட்டு வெளியேற்றுகிறோம் என்று கூட்டத்துக்கு வாக்குக் கொடுத்தது. உப்பளத்திலிருந்து ரயில் நிலையம் நோக்கிக் காவலோடு கூட்டிப்போனார்கள். வழியில் கூட்டம் பாய்ந்தது. கொலைகள் அங்கேதான் நடந்தன. விடிகாலை 4 மணி வாக்கில் அனுப்பச் சொல்லிக் கேட்ட ராணுவம் வந்து சேர்ந்தது மாலையில், எல்லாம் முடிந்த பிறகு. அதிகாரப்பூர்வக் கணக்கு 8 பேர். அப்போதைய இத்தாலியப் பத்திரிகைகள் 150 வரை எழுதின.

பிறகு நடந்ததைப் பாருங்கள். இத்தாலியில் பிரான்சுக்கு எதிராகக் கலவரம். ரோமில் பிரெஞ்சுத் தூதரகத்தின் கண்ணாடிகள் உடைந்தன. ஜெனோவாவிலும் நேப்பிள்ஸிலும் பிரெஞ்சுக் கம்பெனியின் டிராம் வண்டிகள் எரிந்தன. இரண்டு நாடுகளும் ஏற்கெனவே முறைத்துக்கொண்டிருந்தவை. 1881இல் துனீசியாவைப் பிரான்ஸ் பிடித்ததில் கசப்பு. 1882இல் இத்தாலி ஜெர்மனியோடும் ஆஸ்திரியா-ஹங்கேரியோடும் கூட்டு சேர்ந்திருந்தது. போர் வரைக்கும் போகுமோ என்ற பேச்சுகூட எழுந்தது. கடைசியில் பேசித் தீர்த்தார்கள். பிரான்ஸ் இத்தாலியத் தொழிலாளர்களுக்கு இழப்பீடு கொடுத்தது. இத்தாலி, தூதரகச் சேதத்துக்குப் பிரான்சுக்கு இழப்பீடு கொடுத்தது. இத்தாலியர்களுக்கு இனி வேலை இல்லை என்று ஊர்மக்களைக் குளிர்விக்கச் சுவரொட்டி ஒட்டிய நகரத் தலைவர் பதவி விலகினார்.

கொலை வழக்கு? அந்த ஆண்டு டிசம்பரில் அங்குலேம் நகரில் விசாரணை. குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஒருவர் விடாமல் விடுதலை ஆனார்கள். இரண்டு அரசுகளுக்கும் நடுவில் கணக்கு நேராகிவிட்டது. செத்த எட்டுப் பேருக்காக ஒருவர்கூடச் சிறைக்குப் போகவில்லை. இந்த இடத்தை மறந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கதையை இவ்வளவு நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அரசுகள் ஏறும் படிகள்

அன்றைக்கும் இன்றைக்கும் நாடுகள் இப்படிப்பட்ட நேரத்தில் ஏறுகிற படிகள் ஏறக்குறைய ஒன்றுதான். எல்லாரும் எல்லாப் படியும் ஏறுவதில்லை.

1. தகவலும் அடையாளமும். 2014இல் ஈராக்கின் மோசூலில் 39 இந்தியத் தொழிலாளர்கள் பயங்கரவாதிகளிடம் சிக்கினார்கள். அவர்கள் கொல்லப்பட்டுவிட்டதாக நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது 2018 மார்ச்சில். நான்கு ஆண்டு குடும்பங்கள் உயிர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் காத்திருந்தன. நிலப்பரப்பு அரசின் கையில் இல்லாதபோது முதல் படியே ஏற முடியாது என்பதற்கு இதைவிட வலிக்கிற உதாரணம் இல்லை.

2. கண்டனம், தூதரைத் திரும்ப அழைத்தல். 2019 செப்டம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் வெளிநாட்டவர் கடைகள் தாக்கப்பட்டபோது, கேப்டவுனில் நடந்த பொருளாதார மாநாட்டை நைஜீரியா புறக்கணித்தது. விமானம் வைத்துத் தன் மக்களைக் கூட்டிவந்தது. நைஜீரியாவில் தென்னாப்பிரிக்கக் கம்பெனிகள் தாக்கப்பட்டதும், தென்னாப்பிரிக்கா அங்கிருந்த தன் தூதரக அலுவலகங்களைக் கொஞ்ச நாள் மூடியது. பழைய வீடியோக்களும் வேறு ஊர் வீடியோக்களும் அப்போதும் எரிகிற தீயில் விழுந்தன. பிறகு தென்னாப்பிரிக்க அதிபர் சிறப்புத் தூதரை அனுப்பி வருத்தம் தெரிவித்தார். அங்கே 2008இல் நடந்த கலவரத்தில் 62 பேர் இறந்திருந்தார்கள். அதில் 21 பேர் தென்னாப்பிரிக்கர்களே. "வெளியாள்" என்று அடிக்கத் தொடங்கிய கை, உள்ளூர்க்காரனை அடையாளம் பார்த்து நிற்பதில்லை.

3. பணம். 1885 செப்டம்பர் 2 அன்று அமெரிக்காவின் ராக் ஸ்பிரிங்ஸ் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் வெள்ளைத் தொழிலாளர்கள் 28 சீனத் தொழிலாளர்களைக் கொன்று, குடிசைகளைக் கொளுத்தினார்கள். சீனா விடாமல் கேட்டதில் அமெரிக்க நாடாளுமன்றம் 1,47,748 டாலர் ஒதுக்கியது. சட்டப்படி கடமை இல்லை, பெருந்தன்மையில் தருகிறோம் என்றார்கள். கைதானவர்கள் யார் மீதும் குற்றச்சாட்டுகூடப் பதிவாகவில்லை.

4. ஆள் அனுப்புவதை நிறுத்துதல். 2004இல் 12 நேபாளித் தொழிலாளர்கள் ஈராக்கில் கொல்லப்பட்டதும் காத்மாண்டு எரிந்தது. ஆள் அனுப்பும் ஏஜென்சி அலுவலகங்களை மக்கள் சூறையாடினார்கள். ஈராக் போவதற்கு நேபாளம் தடை போட்டது. தடை, அரசின் கையில் இருக்கும் பெரிய ஆயுதம். ஆனால் அது முதலில் வெட்டுவது வேலைக்குப் போக வேண்டிய ஏழையைத்தான். வாசல் அடைத்தால் ஜன்னல் வழியாகப் போவார்கள், இன்னும் பாதுகாப்பில்லாமல்.

5. ஒப்பந்தம். 2018இல் குவைத்தில் ஒரு பிலிப்பைன்ஸ் வீட்டுவேலைப் பெண்ணின் உடல் ஃப்ரீசரில் கிடைத்தது. பிலிப்பைன்ஸ் ஆள் அனுப்புவதை நிறுத்தியது. சண்டை முற்றி அதன் தூதரையே குவைத் வெளியேற்றியது. அதே ஆண்டு மே மாதம் ஒப்பந்தம் கையெழுத்தானது: பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைக்கக் கூடாது, போன் வைத்துக்கொள்ளலாம், வாரம் ஒருநாள் விடுப்பு. ஏட்டில் எழுதியது எல்லாம் வீட்டுக்குள் நடந்துவிடாது. ஆனாலும் ஐந்து படிகளில் தொழிலாளியின் அன்றாடத்தைத் தொடுவது இது ஒன்றுதான்.

"அது மாநில விவகாரம்" என்ற பதில்

இனி உள்நாட்டுக்கு வருவோம். 1891 மார்ச்சில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் கும்பல் ஒன்று சிறைக்குள் புகுந்து 11 இத்தாலியர்களைக் கொன்றது. இத்தாலி நீதி கேட்டபோது வாஷிங்டன் சொன்ன பதில்: கொலை வழக்கு லூசியானா மாநிலத்தின் கையில் இருக்கிறது, மத்திய அரசு ஒன்றும் செய்ய முடியாது. இத்தாலி தன் தூதரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு, கிட்டத்தட்ட 25,000 டாலர் கொடுத்து விஷயம் முடிக்கப்பட்டது.

கூட்டாட்சி நாடுகளில் இந்தச் சிக்கல் எப்போதும் உண்டு. இந்தியாவிலும் சட்டம் ஒழுங்கு மாநிலத்தின் பொறுப்பு. திருப்பூரில் பீகார்க்காரர் ஒருவர் கொல்லப்பட்டால் விசாரிப்பது தமிழ்நாடு போலீஸ். பீகார் போலீஸுக்கோ அதிகாரிகளுக்கோ இங்கே விசாரணை அதிகாரம் கிடையாது. அவர்கள் வந்து பார்க்கலாம், பேசலாம், தங்கள் அரசுக்கு அறிக்கை கொடுக்கலாம். அதுவும் இங்குள்ள அரசின் ஒத்துழைப்போடு.

இன்னொரு பக்கமும் உண்டு. பீகார்க்காரர் இங்கே வெளிநாட்டவர் இல்லை. அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு எங்கும் போக, எங்கும் குடியிருக்க, எந்தத் தொழிலும் செய்ய எந்த இந்தியருக்கும் உரிமை தருகிறது. அவருக்கு விசா வேண்டாம், அதனால் தூதரகமும் இல்லை. மேலே சொன்ன ஐந்து படிகளில் ஒன்றுகூட அவருக்கு முறைப்படி கிடையாது. குவைத்தில் இருக்கும் தமிழருக்குக் கதவைத் தட்ட இந்தியத் தூதரகம் என்று ஒரு கட்டடம் இருக்கிறது. திருப்பூர் பக்கம் பெருமாநல்லூரில் இருக்கும் ஜார்க்கண்ட்காரருக்கு அப்படி ஒன்று இல்லை. அவருக்காக இருப்பது இரண்டு முதல்வர்களுக்கு நடுவில் ஒரு தொலைபேசி அழைப்பு.

மார்ச் 2023: அந்தத் தொலைபேசி எப்படி வேலை செய்தது

கொங்கு நாட்டில் அந்த நாட்களை வரிசையாகப் பார்த்தால், எக்மோர்த்தின் முதல் நாள் அப்படியே தெரிகிறது. நல்லவேளை, இரண்டாம் நாள் வரவில்லை.

ஜனவரியிலேயே திருப்பூரில் ஒரு டீக்கடையில் தொடங்கிய தகராறு வீடியோவாகச் சுற்றியது. வடமாநிலத் தொழிலாளர்கள் கூட்டமாக உள்ளூர்க்காரர்களை விரட்டுவதுபோல் காட்சி. சண்டை எப்படித் தொடங்கியது என்ற பகுதி வீடியோவில் இல்லை. "பாத்தீங்களா, நம்ம ஊர்லயே நம்மள அடிக்கறானுங்க" என்ற பேச்சு பேக்கரிகளில் கிளம்பியது. அந்தப் பேச்சுக்குப் பின்னால் பல வருட உறுத்தல் இருக்கிறது: கம்மிக் கூலிக்கு வருகிறார்கள், வாடகை ஏறுகிறது, ஞாயிற்றுக்கிழமை சந்தையில் நம் மொழியே கேட்கவில்லை. ஆள் இல்லாமல் மெஷின் சும்மா நிற்கிறது என்று காண்ட்ராக்டர்கள் தேடிப் போனதால்தான் அவர்கள் வந்தார்கள் என்பது அந்தப் பேச்சில் வருவதே இல்லை.

மார்ச் தொடக்கத்தில் திருப்பூரில் ஒரு வடமாநிலத் தொழிலாளி தண்டவாளத்தில் இறந்துகிடந்தார். கொலை என்று நம்பி, நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் திரண்டு நின்றார்கள். ரயில் மோதித்தான் இறந்தார் என்று ரயில்வே போலீஸ் விளக்கியது. அதே நாட்களில்தான் இந்தியில் அந்த வீடியோக்கள் பரவின. பரவியவற்றில் ஒன்று, திருப்பூரில் வடமாநிலத்தவர் தங்களுக்குள் மோதிக்கொண்டது. இன்னொன்று, கோவையில் உள்ளூர்க்காரர்கள் இரண்டு தரப்பு அடித்துக்கொண்டது என்று அப்போதைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு விளக்கம் கொடுத்தார். பத்திரிகைச் செய்திகளிலும் கட்சிக்காரர்களின் பதிவுகளிலும் இறந்தவர்களின் எண்ணிக்கை அதற்குள் இரட்டை இலக்கத்துக்குப் போயிருந்தது. எட்டுப் பேர் 150 ஆன கணக்குபோலத்தான். இங்கே தொடங்கிய எண் மட்டும் பூஜ்யம்.

பிறகு நடந்தவை, ஒன்றன்பின் ஒன்றாக:

1. அன்றைய முதல்வர் ஸ்டாலின், அன்றைய பீகார் முதல்வர் நிதிஷ்குமாரிடம் தொலைபேசியில் பேசினார். எல்லாத் தொழிலாளர்களும் எங்கள் தொழிலாளர்களே என்று உறுதி கொடுத்தார்.

2. பீகாரிலிருந்து வந்த நால்வர் குழு திருப்பூரிலும் கோவையிலும் தொழிலாளர்களை நேரில் பார்த்துப் பேசியது. அந்தக் குழுவில் தமிழ் தெரிந்த அதிகாரி இருந்தது பெரிய உதவி. பார்த்துவிட்டு, பரவியது பொய் என்று அவர்கள் வாயாலேயே சொன்னார்கள். தமிழ்நாடு போலீஸ் நூறு முறை சொன்னாலும் பாட்னாவில் நம்பாத ஒன்றை, பாட்னா அதிகாரி ஒருமுறை சொன்னதும் நம்பினார்கள். தூதர் என்று ஒருவர் எதற்கு என்பதற்கான விளக்கம் இதுவே.

3. மாவட்ட போலீஸ் இந்தியில் பேசி வீடியோ போட்டது, இந்தி தெரிந்தவர்களை வைத்து உதவி எண் திறந்தது, பனியன் கம்பெனிகளுக்குள் போய்ப் பேசியது.

4. வதந்தி பரப்பியவர்கள் மீது இரண்டு மாநிலங்களிலும் வழக்கு. பீகார் யூடியூபர் ஒருவர் கைதாகி மதுரைக்குக் கொண்டுவரப்பட்டார். அவர் மேல் தேசியப் பாதுகாப்புச் சட்டமும் போடப்பட்டு, பிறகு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் அது ரத்தானது.

நான்கில் முக்கியமானது மூன்றாவது என்பது என் கணிப்பு. எக்மோர்த்தில் ஊருக்குள் ஓடிவந்து "கொன்றுவிட்டார்கள்" என்று சொன்னபோது, "யாரும் சாகவில்லை, இதோ பார்" என்று அதே மொழியில், அதே ஒரு மணி நேரத்துக்குள் சொல்ல ஆள் இல்லை. இங்கே கொஞ்சம் தாமதமானாலும் ஆள் இருந்தார்கள்.

நிஜமாக நடந்த கொலை

வதந்திக் கொலைகளுக்கு இவ்வளவு நடந்தது. இரண்டே மாதம் கழித்து, அதே 2023 மே மாதத்தில், நாமக்கல் மாவட்டம் ஜேடர்பாளையம் பக்கம் வெல்லம் காய்ச்சும் ஆலைக் கொட்டகையில் ராத்திரி தூங்கிக்கொண்டிருந்த வடமாநிலத் தொழிலாளர்கள் மீது தீ வைக்கப்பட்டது. நான்கு பேருக்குத் தீக்காயம். ஒருவர் சிகிச்சையில் இறந்தார். அந்த மார்ச்சில் அதே பகுதியில் ஆடு மேய்க்கப்போன ஒரு பெண் கொலையானதிலிருந்து கொதிப்பு அடங்கவில்லை. அந்தக் கொலையில் போலீஸ் பிடித்தது உள்ளூர்ச் சிறுவன் ஒருவனை. ஆனாலும் ஆலையில் வேலை செய்யும் வெளியாட்கள் மேல் சந்தேகம் போகவில்லை.

காவிரிக் கரை ஊர்களில் வெல்ல ஆலை எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்கு: கரும்புச் சாறு பிழிகிற இயந்திரம், பெரிய கொப்பரை, அடுப்புக்குக் காய்ந்த கரும்புச் சக்கை. அந்தச் சக்கை மலைபோல் குவிந்து கிடக்கும். ஒரு பொறி போதும். அதை ஒட்டித்தான் ஓலையோ தகரமோ போட்ட கொட்டகையில் வேலையாட்கள் படுப்பார்கள். பூட்டும் கிடையாது, காவலும் கிடையாது.

இந்தச் சாவு, மார்ச் மாத வதந்தி பேசப்பட்ட அளவுக்குப் பேசப்படவில்லை. எக்மோர்த் சொன்னதும் இதுதான். அரசுகளை உசுப்புவது சாவு மட்டும் இல்லை. சாவைப் பற்றிய சத்தமும், அதனால் யாருடைய மானம் போகிறது என்பதும்தான். 150 என்று எழுதினால் தெருவே எரிகிறது. ஒன்று என்று எழுதினால், உள்ளூர்ப் பக்கத்தில் நாலு வரி.

நாமும் அங்கே வெளியூர்க்காரர்கள்

இதைப் படிக்கிற கொங்குக்காரர் தன்னை உள்ளூர்க்காரராக மட்டும் நினைத்துக்கொண்டால் பாதிதான் புரியும். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் மத்தியப் பிரதேசத்திலும் சத்தீஸ்கரிலும் ராஜஸ்தானிலும் போர்வெல் போடுகின்றன. மாதக்கணக்கில் வண்டியிலேயே சமைத்துச் சாப்பிட்டு, வண்டி பக்கத்திலேயே படுக்கிறவர்கள் நம் பையன்கள். நாமக்கல் லாரி டிரைவர்கள் போகாத மாநிலம் இல்லை. 2016 செப்டம்பரில் காவிரித் தீர்ப்பையொட்டிப் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் பார்த்துப் பேருந்துகளும் லாரிகளும் கொளுத்தப்பட்டபோது, அந்த வண்டிகளில் பல நம் பக்கத்து வண்டிகள். அன்றைக்கு ஓசூர் எல்லையில் நடந்து வந்தவர்களுக்கும், 2023இல் திருப்பூர் பிளாட்பாரத்தில் நின்றவர்களுக்கும் இருந்த பயம் ஒன்றே. அன்றைக்கும் நடந்தது முதல்வர்களின் கடிதமும் கோரிக்கையும்தான்.

சட்டம் எங்கே நிற்கிறது

தூதரகம் இல்லாத குறையை நிரப்ப இந்தியாவில் இரண்டு வகைச் சட்டங்கள் உண்டு. ஒன்று, கொன்றவரைத் தண்டிப்பது. இன்னொன்று, ஆள் இருக்கிறார் என்று பதிவு செய்வது.

முதல் வகை இப்போது வலுவாகியிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 103(2) பிரிவு, ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து, பிறந்த இடம், மொழி, சாதி போன்ற காரணத்துக்காக ஒருவரைக் கொன்றால் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்கிறது. கும்பல் கொலைகளில், கூட்டத்தில் யார் அடித்தார்கள் என்று நிரூபிக்க முடியாமல் பலர் தப்பித்துவிடுவது அடிக்கடி நடக்கிற விஷயம். அதற்கு எதிராக எழுதப்பட்ட பிரிவுபோல இது இருக்கிறது.

இரண்டாவது வகையில்தான் ஓட்டை. 1979ஆம் ஆண்டுச் சட்டம் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கென்றே வந்தது. அதன் முக்கிய விதிகள்:

1. வெளிமாநிலத் தொழிலாளர் ஐந்து பேரோ அதற்கு மேலோ இருந்தாலே பொருந்தும்.

2. ஆள் கூட்டிவரும் காண்ட்ராக்டருக்கு உரிமம் கட்டாயம்.

3. ஒரே வேலைக்கு உள்ளூர்க்காரருக்கும் வெளிமாநிலத்தவருக்கும் ஒரே கூலி.

4. தொழிலாளி விபத்தில் இறந்தாலோ பலத்த காயம்பட்டாலோ, இரண்டு மாநில அதிகாரிகளுக்கும் நெருங்கிய உறவினருக்கும் காண்ட்ராக்டர் தெரிவிக்க வேண்டும்.

நான்காவதைப் படித்தால், வியன்னா உடன்படிக்கையின் தகவல் கடமை அப்படியே காண்ட்ராக்டர் தலையில் வைக்கப்பட்டிருப்பது தெரியும். தூதரகம் இல்லாத இடத்தில் காண்ட்ராக்டரே தூதர். ஆனால் நடைமுறையில் பல காண்ட்ராக்டர்களிடம் இருப்பது ஒரு நோட்டும் ஒரு வாட்ஸ்அப் குரூப்பும். நோட்டில் முழுப் பெயர் இருக்காது, ஊர் இருக்காது, "பீகார் 4, ஒடிசா 2" என்று எண்ணிக்கை இருக்கும். முன்பணம் எவ்வளவு என்பது மட்டும் பைசா சுத்தமாக இருக்கும். 2023க்குப் பிறகு தமிழ்நாடு தொழிலாளர் துறையின் இணையதளத்தில் பதிவு செய்யச் சொல்லித் தொழிற்சாலைகளை நெருக்குகிறார்கள். பெரிய ஏற்றுமதிக் கம்பெனிகள் செய்கின்றன. ஜாப் ஒர்க் யூனிட்டும் செங்கல் சூளையும் கோழிப்பண்ணையும் வெல்ல ஆலையும்தான் கேள்வி.

மூன்றாவது விதியும் சும்மா எழுதியது இல்லை. எக்மோர்த்தில் இருந்த வெறுப்புக்கும், இங்கே "கம்மிக் கூலிக்கு வர்றாங்க" என்ற பேச்சுக்கும் வேர் கூலி வித்தியாசத்தில் இருக்கிறது. ஒரே ரேட் என்று ஆகிவிட்டால், ஒருவரைக் காட்டி மற்றவர் கூலியை இறக்க முடியாது. அதை உறுதி செய்ய வேண்டியது போலீஸ் இல்லை, தொழிலாளர் துறை. தொழிற்சங்கங்கள் சம்பள ஒப்பந்தம் பேசும் மேஜையில் வடமாநிலத் தொழிலாளர் சார்பில் ஒரு நாற்காலி இருந்தால் அது இன்னும் சுலபமாகும்.

இப்போது அந்த 1979 சட்டம் தனியாக இல்லை. 2020இல் நிறைவேறிய தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது. அந்தத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. இரண்டு மாநிலங்களுக்கும் உறவினருக்கும் தகவல் சொல்லும் கடமை அதிலும் இருக்கிறது. தானாகவே ஊரைவிட்டு வந்து வேலையில் சேர்ந்தவரையும் அது கணக்கில் எடுக்கிறது. இது நல்ல மாற்றம், ஏனென்றால் இன்று பலர் காண்ட்ராக்டர் இல்லாமல் தன்பாத்–ஆலப்புழை ரயிலில் தாங்களாகவே வந்து இறங்குகிறார்கள். ஆனால் ஐந்து பேர் என்று இருந்த எல்லையை அது பத்தாக ஏற்றிவிட்டது. பத்து வெளிமாநிலத் தொழிலாளர்கள் இருக்கும் இடத்துக்குத்தான் அந்தப் பகுதி பொருந்தும். ஒன்பது பேர் தங்கியிருக்கும் வெல்ல ஆலைக் கொட்டகையில் நாளை ஒருவர் இறந்தால், அவருடைய ஊருக்குத் தகவல் சொல்லும் கடமை இந்தப் பகுதியின்படி யாருக்கும் இல்லை.